பழக் குச்சி ஐஸ்: உறையும்போது சத்து எங்கே போகிறது?

அக்கா மகளுக்கு ஏழு வயது. ஒரு மத்தியானம் தர்பூசணிச் சாற்றில் செய்த குச்சி ஐஸைப் பாதி உறிஞ்சிவிட்டு என்னிடம் நீட்டினாள். "சித்தி, இதுல இருந்த ருசி தீந்துபோச்சு. வெறும் ஐஸ்தான் மிச்சம்."

வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். நுனிப் பக்கம் சிவப்பெல்லாம் வெளுத்து, கிட்டத்தட்டக் கண்ணாடிச் சில்லு மாதிரி நின்றது. நாக்கில் வைத்தால் தண்ணீர்தான். குச்சியை ஒட்டிய அடிப்பக்கம் மட்டும் இன்னும் சிவப்பாக இருந்தது. அச்சில் ஊற்றும்போது எல்லாம் ஒரே நிறம், ஒரே ருசி. பிறகு எப்படித் தண்ணீர் தனி, இனிப்பு தனி என்று பிரிந்தது?

வீட்டில் செய்யும் பழ ஐஸைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று விதமான தீர்ப்பு காதில் விழுகிறது. "பழம்தானே, எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்பது ஒன்று. "ஃப்ரீசரில் வைத்தாலே சத்தெல்லாம் செத்துப்போகும்" என்பது இரண்டாவது. "ஐஸை உருக்கவே உடம்பு கலோரியைச் செலவழித்துவிடும், அதனால் எடை ஏறாது" என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. ஆனால் ஏன் தவறு என்று புரிய, அந்த வெளுத்த ஐஸ்கட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில், இது என்ன பண்டம்?

ஐஸ்க்ரீமும் குச்சி ஐஸும் ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. ஐஸ்க்ரீமில் பால் கொழுப்பு இருக்கும். உறையும்போதே கடைந்து காற்றை உள்ளே ஏற்றுவார்கள். குச்சி ஐஸில் கடைவது கிடையாது. சாற்றையோ கூழையோ அச்சில் ஊற்றி, குச்சியைச் செருகி, அசையாமல் உறையவிடுவது மட்டும்தான்.

'பாப்சிகல்' என்று பலரும் சொல்வது உண்மையில் ஒரு வணிகப் பெயர். ஃபிராங்க் எப்பர்சன் என்ற அமெரிக்கர் 1924-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1905-ல், 11 வயதில், சோடா பானம் செய்யும் பொடி கலந்த தண்ணீரைக் கலக்கிய குச்சியோடு இரவெல்லாம் வாசலில் மறந்து விட்டுவிட்டதாகவும், காலையில் அது குச்சியோடு உறைந்து கிடந்ததாகவும் அவர் கதை. முதல் குச்சி ஐஸில் பழம் இருந்ததாகத் தெரியவில்லை என்பதை இங்கே கவனிக்கலாம். பழம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

தண்ணீர் தனியாக வரிசை கட்டும்

அடுப்பில் கொதிக்கும் எதுவும் சுண்டச் சுண்ட உப்பு தூக்கலாகும். யாரும் உப்பைக் கூட்டவில்லை; தண்ணீர் ஆவியாகக் கிளம்பிப் போனது, உப்பு தங்கிவிட்டது, அவ்வளவுதான். உப்பளத்திலும் இதே கதைதான்.

ஃப்ரீசருக்குள்ளும் இப்படிச் சுண்டுவது நடக்கிறது. ஆனால் அங்கே தண்ணீர் ஆவியாகப் போவதில்லை, பனிக்கட்டியாக ஒதுங்குகிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் குளிரில் கைகோத்து, ஒரே ஒழுங்கில் அடுக்கடுக்காக வரிசை கட்டுகின்றன. இப்படி ஒழுங்காக அடுக்கப்பட்ட திடப்பொருளுக்குப் படிகம் என்று பெயர். இந்த வரிசையில் சர்க்கரைக்கு இடமில்லை. பழத்தின் புளிப்பு, நிறம், தாது உப்பு எதற்கும் இடமில்லை. தண்ணீர் மட்டும் வரிசையில் சேர, மற்றதெல்லாம் வெளியே தள்ளப்பட்டு, மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் நெருக்கியடித்து நிற்கும். கடல்நீர் உறைந்த பனிக்கட்டி கடலை விட உப்புக் குறைவாக இருப்பதும் இதனால்தான்.

நெருக்கடி கூடக் கூட இன்னொன்று நடக்கிறது. வெறும் தண்ணீர் பூஜ்யம் டிகிரி செல்சியஸில் உறையும். ஒரு திரவம் உறையத் தொடங்கும் அந்த வெப்பநிலைதான் உறைநிலை. சர்க்கரை கரைந்திருந்தால் உறைநிலை கீழே இறங்கும், ஏனென்றால் சர்க்கரை குறுக்கே நின்று வரிசை கட்ட விடாமல் தொந்தரவு செய்கிறது. சாதாரணப் பழச்சாறு பூஜ்யத்துக்குச் சுமார் ஒரு டிகிரி கீழே போன பிறகே உறைய ஆரம்பிக்கும். முதல் படிகங்கள் உருவானதும் மிச்சச் சாறு இன்னும் கெட்டியாகும். கெட்டியானதும் அதன் உறைநிலை இன்னும் இறங்கும். அதை உறைய வைக்க இன்னும் குளிர் வேண்டும். இந்தத் துரத்தல் முடிவதே இல்லை. வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18 டிகிரியில் இருக்கும். அந்தக் குளிரிலும் சாற்றின் ஒரு சிறு பகுதி உறையாமல், பாகு பதத்தில், படிகங்களின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும்.

ஆக, கல் போலத் தெரியும் குச்சி ஐஸ் உண்மையில் இரண்டு பொருள்: கிட்டத்தட்டத் தூய பனிப்படிகங்கள், அவற்றின் நடுவே கெட்டியான பழப்பாகு. குழந்தை உறிஞ்சும்போது முதலில் வாய்க்குள் வருவது அந்தப் பாகுதான். பனிச்சட்டகம் அப்படியே நிற்கிறது. 'ருசி தீந்துபோச்சு' என்று அவள் சொன்னது இதைத்தான்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: உறையும்போது சத்து அழியவில்லை, இடம் மாறுகிறது. தண்ணீர் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம். அச்சில் எதை எவ்வளவு ஊற்றினோமோ அது அவ்வளவும் உள்ளேயேதான் இருக்கிறது.

கடிக்க முடிகிற ஐஸும் கல்லும்

தண்ணீரை மட்டும் உறைய வைத்தால் பல் உடையும். சாற்றை உறைய வைத்தால் ஓரளவு கடிக்கலாம். சர்க்கரை நிறையச் சேர்த்தால் மெத்தென்று இருக்கும். காரணம் மேலே சொன்ன பாகுதான்: சர்க்கரை கூடினால் உறையாத பாகு கூடும், பாகு கூடினால் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாவது குறையும். அதனால்தான் செய்முறைக் குறிப்புகளில் பழம் எவ்வளவு தித்திப்பாக இருந்தாலும் "கால் கப் சர்க்கரை சேர்க்கவும்" என்று வருகிறது. அந்தச் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் அல்ல, பதத்துக்காகவும்தான். இது தெரியாமல் "எங்கள் வீட்டில் சர்க்கரையே போட மாட்டோம்" என்று எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து உறைய வைத்துவிட்டுக் கல்லைக் கடித்த அனுபவம் எனக்கும் உண்டு.

படிகத்தின் அளவும் முக்கியம். மெதுவாக உறைந்தால் படிகங்களுக்கு வளர நேரம் கிடைத்து ஊசி ஊசியாகப் பெரிதாகும். வேகமாக உறைந்தால் பொடிப்பொடியாக நிற்கும். நாக்குக்குப் பொடிப்படிகம் வழவழப்பாகவும் பெரிய படிகம் நறநறப்பாகவும் தெரியும். அதனால் அச்சை ஃப்ரீசரில் வைக்கும் முன் கலவையை ஃபிரிட்ஜில் குளிரவைப்பதும், சிறிய, மெல்லிய அச்சைப் பயன்படுத்துவதும் பலன் தரும். ஃப்ரீசர் கதவை அடிக்கடி திறந்து மூடினால் சின்னப் படிகங்கள் உருகி, பெரியவற்றோடு ஒட்டி மறுபடி உறையும். ஒரு மாதம் கிடந்த ஐஸ் சொரசொரப்பாக இருப்பது இதனால்தான்.

சர்க்கரை இல்லாமலேயே பதம் வரவைக்க முடியும். பழத்தின் நாரும் பெக்டினும் (பழச் செல்களின் சுவரில் இருக்கும், பசைபோல் கெட்டியாக்கும் பொருள்) பாகைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாம்பழக் கூழ், வாழைப்பழக் கூழ் இரண்டுக்கும் இதில் முதலிடம். தர்பூசணி கடைசி. அதில் நூற்றுக்கு 90-க்கும் மேல் தண்ணீர், நாரோ மிகக் கொஞ்சம். தர்பூசணிக் குச்சி ஐஸ் சட்டென வெளுத்துப்போனது ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

குளிர் நாக்கை ஏமாற்றும்

ஒரு சோதனை. ஃப்ரீசரில் இருக்கும் ஏதாவது ஒரு குச்சி ஐஸை எடுத்து, ஒரு கிண்ணத்தில் போட்டு, முழுக்க உருகி அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிடுங்கள். பிறகு ஒரு ஸ்பூன் குடித்துப் பாருங்கள். பெரும்பாலும் முகம் சுளிக்கும் அளவு தித்திப்பாக இருக்கும். அதே ஐஸ், உறைந்திருந்தபோது 'அளவான' இனிப்பாக இருந்ததே!

நாக்கின் சுவை மொட்டுகளில், இனிப்பு பட்டதும் மூளைக்குச் செய்தி அனுப்ப உதவும் ஒரு புரதக் கதவு இருக்கிறது. வெதுவெதுப்பில் அது நன்றாகத் திறக்கும், குளிரில் சோம்பிக் கிடக்கும். அதே சர்க்கரை குளிர்ந்த நாக்கில் குறைவாகப் பதிகிறது. மணமும் அப்படித்தான். குளிரில் மணம் தரும் பொருள்கள் காற்றில் அவ்வளவாக எழும்புவதில்லை, நாம் 'பழ ருசி' என்று நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை என்பதால் ருசியும் மங்கும்.

என் கணிப்பில், வீட்டுக் குச்சி ஐஸின் சர்க்கரைப் பிரச்சினை முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. முதல் முறை செய்து பார்த்தவர், "இனிப்பு போதவில்லை" என்று இரண்டாம் முறை சர்க்கரையைக் கூட்டுகிறார். பதமும் மெத்தென்று வருகிறது. மூன்றாம் முறை அதுவே வழக்கமாகிவிடுகிறது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குளிர்ந்த நாக்கை நம்பினார், அவ்வளவே. ஆகவே சுவை பார்ப்பதற்கு ஒரு சின்ன விதி வைத்துக்கொள்ளலாம்: அச்சில் ஊற்றும் கலவை குடிப்பதற்கு ஒரு சுற்றுக் கூடுதல் தித்திப்பாக இருந்தால் உறைந்தபின் சரியாக இருக்கும். அந்த ஒரு சுற்று, நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து வரட்டும். தோலில் கரும்புள்ளி விழுந்த வாழைப்பழம் இதற்கென்றே பிறந்தது, அதன் மாவுச்சத்து பெரும்பாலும் சர்க்கரையாக மாறியிருக்கும்.

எந்தச் சர்க்கரையைக் கணக்கில் வைப்பது?

பழத்தில் இருப்பதும் சர்க்கரைதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 'கட்டற்ற சர்க்கரை' என்ற ஒரு வகையைப் பிரிக்கிறது. நாமாகச் சேர்க்கும் சர்க்கரை, தேன், பாகு வகைகள், பிழிந்த பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரை எல்லாம் இதில் அடங்கும். முழுப்பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை இதில் வராது. ஒரு நாள் உணவின் மொத்தக் கலோரியில் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இதை நிறுத்த வேண்டும், ஐந்துக்குக் கீழே நிறுத்தினால் இன்னும் நல்லது என்பது பரிந்துரை. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குப் பத்து விழுக்காடு என்பது 50 கிராம், ஐந்து விழுக்காடு 25 கிராம். குழந்தைகளின் சாப்பாடு குறைவு என்பதால் அவர்களுக்கு இந்த அளவும் சுருங்கும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். 400 கிராம் மாம்பழக் கூழை ஐந்து அச்சில் பங்கிட்டால் ஒரு ஐஸுக்கு 80 கிராம். மாம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 60 கலோரியும் 14 கிராம் சர்க்கரையும் உண்டு. எனவே ஒரு ஐஸில் 48 கலோரி, 11 கிராம் சர்க்கரை, எல்லாம் பழத்திலிருந்து வந்தது. அதே கூழில் நாலு டேபிள்ஸ்பூன், அதாவது சுமார் 50 கிராம் சர்க்கரை கலந்தால் ஒவ்வோர் ஐஸிலும் 10 கிராம் கூடுகிறது. கலோரி 48-லிருந்து 88-ஐத் தொடுகிறது. கட்டற்ற சர்க்கரை 10 கிராம், அதாவது அந்த 25 கிராமில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரே குச்சியில். குழந்தைகள் ஒன்றோடு நிறுத்துவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராபெர்ரிக் கூழில் அதே 80 கிராமுக்கு 26 கலோரி, 4 கிராம் சர்க்கரைதான். தர்பூசணி இதற்கு அருகில் நிற்கும். திராட்சை மாம்பழத்தையும் தாண்டும்.

"சர்க்கரை வேண்டாம், தேன் விடுகிறேன்" என்பவர்கள் நிறைய. தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரைதான். ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 17 கிராம். வேறு சில பொருள்கள் அதில் இருப்பது உண்மை, ஆனால் இந்த அளவில் அவை ஒன்றும் சாதிக்கப்போவதில்லை. மணத்துக்காகத் தேன் பிடிக்கும் என்றால் சேர்த்துக்கொள்ளலாம், ஆரோக்கியத்துக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்த வடிவிலும் தேன் கூடாது: அதில் இருக்கக்கூடிய பாக்டீரிய வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உறைய வைத்தாலும் அந்த வித்துகள் சாகாது.

சுருக்கமாக: பழக்கூழ் மட்டும் போட்ட ஐஸ், பழம். பிழிந்த சாற்றில் செய்தது, பழச்சாறு. சர்க்கரை கலந்தது, இனிப்புப் பண்டம். மூன்றும் ஒரே அச்சில், ஒரே நிறத்தில் வருவதால்தான் இவ்வளவு குழப்பம்.

வடிகட்டியில் தங்குவது என்ன?

ஆரஞ்சை எடுத்துக்கொள்ளலாம். 80 கிராம் சுளையில் சுமார் 2 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. நார்ச்சத்து என்பது நம் குடல் செரிக்க முடியாத தாவரப் பகுதி. சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தை அது மட்டுப்படுத்தும், வயிறு நிறைந்த உணர்வைத் தரும், மலச்சிக்கலைத் தவிர்க்கும். அதே ஆரஞ்சைப் பிழிந்து வடிகட்டினால் 80 கிராம் சாற்றில் மிஞ்சுவது 0.2 கிராமுக்கும் குறைவு. பத்தில் ஒன்றுகூட இல்லை. வடிகட்டியில் தட்டி வெளியே எறிந்த சக்கையில் அது போய்விட்டது. சர்க்கரையோ ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

மிக்ஸியில் அடித்தால் நார் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. பிளேடு அதைத் துண்டாக்குகிறது, அழிப்பதில்லை. ஆனால் செல் சுவர்கள் கிழிந்து உள்ளே இருந்த சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது என்பது உண்மை. இந்தக் காரணத்தாலேயே பிரிட்டன், அரைத்த பழக்கூழின் சர்க்கரையையும் கட்டற்ற சர்க்கரைக் கணக்கில் சேர்க்கிறது. குச்சி ஐஸுக்கு இது கொஞ்சம் கறாராகவே எனக்குப் படுகிறது. ஒரு டம்ளர் ஸ்மூத்தியை அரை நிமிடத்தில் குடித்துவிடலாம். 80 கிராம் ஐஸை அந்த வேகத்தில் சாப்பிட யாராலும் முடியாது.

ஆக, கூழை வடிகட்டாதீர்கள். விதை உறுத்தினால் விதையை மட்டும் எடுங்கள். ஆரஞ்சில் தடித்த வெள்ளைத் தோல் கசக்கும், அதை உரித்துவிட்டுச் சுளையை முழுசாக அரைக்கலாம். மெல்லிய பழத்துண்டுகளை அச்சின் சுவரில் ஒட்டிவைத்து மேலே கூழை ஊற்றினால் பார்க்கவும் அழகு. துண்டு தடிமனாக இருக்கக் கூடாது, உறைந்தால் கூழாங்கல்லாகிவிடும்.

ஃப்ரீசர் சத்தைக் கொல்லுமா?

உறைந்த பழத்தை வெளியே எடுத்து வைத்தால் துவண்டு, நீர் விட்டு, சொதசொதவென்று ஆகும். இதைப் பார்த்துத்தான் "சத்து செத்துவிட்டது" என்று முடிவுகட்டுகிறார்கள். நடந்தது வேறு. பனிப்படிகங்களின் கூர்முனைகள் பழத்தின் செல் சுவர்களைக் குத்திக் கிழித்துவிட்டன. பை கிழிந்ததால் உள்ளே இருந்த சாறு ஒழுகுகிறது. அந்தச் சாற்றோடு கொஞ்சம் வைட்டமினும் ஒழுகும்தான். ஆனால் குச்சி ஐஸில் ஒழுகும் சாற்றை நாம் கொட்டுவதில்லை. அதையும் சேர்த்துத்தானே சாப்பிடுகிறோம்!

வைட்டமின் சி தான் இதில் கவலைக்குரிய ஒரே ஆள். அது காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் பட்டால் சிதையும், வெட்டிய ஆப்பிள் பழுப்பேறுவது போல நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். பழத்தின் சொந்த நொதிகள், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், அந்தச் சிதைவைத் தூண்டிவிடும். அரைக்கும்போது காற்றும் நொதியும் வைட்டமினும் ஒன்றாகக் கலக்கின்றன. எனவே இழப்பு நடக்கும் இடம் மிக்ஸியும் மேடையில் மூடாமல் கிடக்கும் கிண்ணமும்தான். ஃப்ரீசர் செய்வது இதற்கு நேர் எதிர்: குளிர் எல்லா வேதிவினைகளையும் மெதுவாக்குகிறது. அரைத்த உடனே ஊற்றி உறைய வைத்தால் பெரும்பகுதி தப்பிக்கும். ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அதன் புளிப்பு வைட்டமினையும் நிறத்தையும் இன்னும் கொஞ்சம் காப்பாற்றும்.

அளவு தெரிய ஓர் எடுத்துக்காட்டு. 80 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் ஏறக்குறைய 47 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து சொன்ன நாளளவு 45 மில்லிகிராம். வழியில் கொஞ்சம் இழந்தாலும் ஒரே ஐஸ் அந்தத் தேவையில் பெரும்பங்கை அடைத்துவிடும். கொய்யா இதிலெல்லாம் சேராது, அதன் ஆட்டமே வேறு: 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல். கொய்யாக் குச்சி ஐஸ் ஏன் இன்னும் பிரபலமாகவில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

மாம்பழத்தின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் நிறமி) குளிரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அதற்குத் தேவை கொஞ்சம் கொழுப்பு. கொழுப்போடு சேர்ந்தால்தான் அது குடலிலிருந்து நன்றாக உறிஞ்சப்படும்.

பழத்தில் இல்லாதவை

புரதம் பழத்தில் பேருக்குத்தான் இருக்கிறது. கால்சியமும் அப்படியே. "காலைச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு பழ ஐஸ்" என்பது அதனால் சரிப்படாது. இந்த இடத்தில் தயிர் கைகொடுக்கும். முழுக்கொழுப்புத் தயிர் 100 கிராமில் சுமார் 3.5 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கால்சியமும் உண்டு, பீட்டா கரோட்டினுக்கு வேண்டிய கொழுப்பும் அதிலேயே கிடைக்கும், பதமும் வழவழப்பாக வரும். மாம்பழக் கூழும் தயிரும் பாதிப் பாதி என்பது நான் அடிக்கடி செய்வது.

தயிரோடு அன்னாசியைச் சேர்க்கும்போது மட்டும் எச்சரிக்கை. வேகவைக்காத அன்னாசியில் புரதத்தை அறுக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பால் புரதத்தை அது துண்டாட, கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறும். உறைய வைத்தால் அந்த நொதி தூங்கும், சாகாது. உருகும்போது மறுபடி எழுந்து வேலையைத் தொடங்கும். அன்னாசித் துண்டுகளை ஒரு கொதி விட்டு ஆறவைத்தால் பிரச்சினை இல்லை. கிவியும் பப்பாளியும் இதே ரகம்தான்.

மிச்சமிருக்கும் கட்டுக்கதைகள்

ஐஸை உருக்க உடம்பு செலவழிக்கும் கலோரி. இதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, கணக்குப் பார்த்தால் துளி எவ்வளவு என்று தெரியும். மைனஸ் 18 டிகிரியில் இருக்கும் 80 கிராம் ஐஸை உருக்கி 37 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 10 கலோரி வேண்டும் (உணவுப் பேச்சில் கலோரி என்பது கிலோகலோரியைத்தான்). உடம்பு எப்படியும் வெளியேற்றப்போகும் வெப்பத்திலிருந்தே இதில் ஒரு பங்கு கிடைத்துவிடும். ஸ்ட்ராபெர்ரி ஐஸ் தருவது 26, சர்க்கரை போட்ட மாம்பழ ஐஸ் தருவது 88. இந்தக் கதை இத்தோடு முடிந்தது.

வயிற்றுப்போக்கில் வாடும் குழந்தைக்குப் பழ ஐஸ் கொடுத்தால் நீரிழப்பு சரியாகும் என்பது இன்னொன்று, இது கொஞ்சம் ஆபத்தானதும்கூட. உலக சுகாதார நிறுவனத்தின் உப்புச் சர்க்கரைக் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கும். பழச்சாற்றில் லிட்டருக்குச் சுமார் 80 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை, உப்பில் இருக்கும் சோடியமோ கிட்டத்தட்ட இல்லை. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கலாம். குழந்தை கரைசலைக் குடிக்க மறுத்தால் அந்தக் கரைசலையே அச்சில் ஊற்றி உறைய வைத்துக் கொடுக்கலாம், பழச்சாற்றை அல்ல.

"உறைய வைத்தால் கிருமி செத்துவிடும்" என்பதும் தவறு. பெரும்பாலான கிருமிகள் குளிரில் உறங்குமே ஒழியச் சாகாது. உறைந்த பெர்ரிப் பழங்கள் வழியாக ஹெபடைடிஸ் ஏ (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) பரவிய நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. பழத்தை, தோலுரிக்கப்போகும் பழமாக இருந்தாலும், ஓடும் நீரில் கழுவிவிட்டே கத்தி வைக்க வேண்டும். பல்லைப் பற்றி ஒரு வரி: சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்த ஒன்றை அரை மணி நேரம் சப்பிக்கொண்டிருப்பது எனாமலுக்கு நல்லதல்ல, சாப்பிட்டதும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும்.

அச்சில் ஊற்றும்போது

தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு பருக்கும். அச்சை விளிம்புவரை நிரப்பினால் பொங்கி, மூடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு விரல்கடை விட்டு ஊற்றுங்கள். கூழ் தண்ணீராக இருந்தால் குச்சி சாயும், ஒரு மணி நேரம் கழித்துப் பாதி உறைந்தபின் செருகினால் நேராக நிற்கும். எடுக்கும்போது குச்சியை முறுக்காதீர்கள். அச்சின் வெளிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் சில நொடி காட்டினால், சுவரை ஒட்டிய மெல்லிய படலம் மட்டும் உருகி, ஐஸ் தானாக வழுக்கி வரும்.

தர்பூசணியை நான் கைவிடவில்லை. அடுத்த முறை அரைக்கும்போது, கரும்புள்ளி விழுந்த ஒரு வாழைப்பழத்தையும் கொஞ்சம் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்தேன், சர்க்கரை போடவில்லை, வடிகட்டவில்லை. சிவப்பு மங்கி வெளிர் ரோஜா நிறமானது அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது தர்பூசணி இல்ல" என்று முதலில் தள்ளிவிட்டாள். பிறகு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது குச்சியை மென்றுகொண்டிருந்தாள். ஐஸ் கடைசிவரை வெளுக்கவே இல்லையாம்.